காணாமல் போன ஒன்றேகால் வோல்ட்

விமானத்தைத் தரையிறக்கி, கொட்டகை வாசல்வரை ஓட்டி வந்த பிறகும் மார்லிஸ் ட்வெய்ட் இன்ஜினை அணைக்கவில்லை. கருவிப் பலகையிலிருந்த வோல்ட் மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு புள்ளி ஒம்போது," என்றாள். "புது ஆல்டர்னேட்டர் மாட்டியாச்சு. பெல்ட்டும் புதுசு. அப்பவும் அதே பன்னெண்டு புள்ளி ஒம்போது. விளக்கைப் போட்டா இன்னும் இறங்குது."

பக்கத்து இருக்கையிலிருந்த டுவேன் கோபெக்கி தலையைச் சற்றுச் சாய்த்து மீட்டரைப் பார்த்தான். "பதிமூணு புள்ளி ஒம்போதுன்னுல்ல எனக்குத் தெரியுது. அது போதுமே."

"உனக்கு அப்படித்தான் தெரியும். சரின்னு சொல்லிட்டு சனிக்கிழமை கெளம்பணும், அவ்வளவுதானே?"

"ஆமா, கெளம்பணும். அதுல என்ன தப்பு?"

மார்லிஸ் இன்ஜினை அணைத்தாள். சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல்களின் மேலாக அடித்துக்கொண்டிருந்த மேற்குக் காற்று மட்டும் கேட்டது. ஜூலை கடைசி வாரம், பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. செவ்வாய்க்கிழமை.

அந்தச் சின்ன இரண்டு இருக்கை விமானத்தை அவர்கள் இருவரும்தான் கட்டினார்கள். ஏழு வருஷம் ஆயிற்று. மார்லிஸ் கிராஃப்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுவிட்டு, மூன்று மணிக்குமேல் வந்து அலுமினியத் தகட்டைத் துளைபோட்டு, ஆணி அடித்து, தேய்த்து, வர்ணம் பூசினாள். டுவேன் சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். இன்ஜினும் ஒயரும் அவன் பாடு. அவனுடைய மனைவி பெர்னடினுக்கு விமானத்தைப் பார்த்தாலே குமட்டும். "அந்த மனுஷனை நீயே வெச்சுக்கோ மார்லிஸ், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் திருப்பி அனுப்பு" என்பாள். வெளியூர்க்காரர்கள் இவர்களைக் கணவன் மனைவி என்று நினைத்துப் பேசினால் இருவருக்கும் சிரிப்பு வரும். ஏழு வருஷத்தில் இருவரும் சண்டை போடாத வாரம் இல்லை, அதை மறுவாரத்துக்குக் கொண்டுபோனதும் இல்லை.

போன வருஷம் முழுக்க மீட்டர் பதினான்கேகாலில் நின்றது. ஏப்ரலில்தான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் எடுக்கும்போது முன்விசிறி முக்கி முனகிச் சுற்றும். குளிர் என்று சொன்னார்கள். மே மாதமும் முனகியது. பேட்டரியை மாற்றினார்கள். ஜூனிலும் முனகியது. இன்ஜின் சுற்றச் சுற்ற மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் பதினான்கு வோல்ட்டாவது வந்தால்தான் அது நிரம்பும். பதின்மூன்றுக்குக் கீழே வந்தால், பறக்கப் பறக்க அது காலியாகிக்கொண்டே போகும்.

"பேட்டரி செத்தாலும் இன்ஜின் நிக்காது. தீப்பொறிக்கு அது தனியா மின்சாரம் எடுக்குது," என்றான் டுவேன், இறங்கிக்கொண்டே. "ரேடியோ போகும், அவ்வளவுதான். அந்தக் காலத்துல ரேடியோவோடயா பறந்தாங்க?"

"அந்தக் காலத்துல செத்தவங்க லிஸ்ட்டும் பெருசு."

"சாவைப் பத்திப் பேசாம உனக்கு ஒரு வேலையும் ஓடாதா?"

"த்ராட்டிலைத் தள்ளிப் பாத்தியா இன்னைக்கு? மாவு பிசையற மாதிரி இழுக்குது. இந்தத் தொல்லையும் புதுசு." வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கைப்பிடியை அவள் சுட்டிக்காட்டினாள்.

"தூசி. எண்ணெய் விட்டா சரியாயிடும்."

எண்ணெய் விட்டால் சரியாகும், பெல்ட் மாற்றினால் சரியாகும், ஆல்டர்னேட்டர் மாற்றினால் சரியாகும் என்று மார்லிஸ் இரண்டு மாதமாகக் கேட்டுவிட்டாள். பள்ளிக்கூட அடுப்பு எரியாதபோது இப்படித்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, வாயு வரும் குழாயைச் சுவரிலிருந்து அடுப்புவரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வா," என்றாள். "இனிமே எதையும் மாத்தப் போறதில்ல. அளக்கப் போறோம்."

"என் ஒயரையா?"

"எல்லாத்தையும்."

டுவேனின் முகம் சுருங்கியது. அவன் போட்ட ஒயர்களைப் பார்த்து, விமானம் கட்டுகிற மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, மெழுகுநூலால் கட்டி வைத்திருந்தான். "அளந்துக்கோ," என்றான். "ஒரு பிழை கண்டுபிடிச்சா நான் உன் சமையக்கட்டுல ஒரு மாசம் பாத்திரம் கழுவறேன்."

மறுநாள் அவள் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில், சுற்றுகிற விசிறிக்கு ஒரு கை தூரத்தில் நின்று அளக்க அவளுக்கு உத்தேசம் இல்லை. வீட்டு அழைப்புமணிக்குப் போடும் மெல்லிய ஒயரில் நான்கு நீளத் துண்டுகள் வெட்டினாள். சிவப்பை ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் வெளியேறும் போல்ட்டில் கட்டினாள். கறுப்பை ஆல்டர்னேட்டரின் உடம்பில். மஞ்சளை பேட்டரியின் பிளஸ்ஸில், பச்சையை மைனஸ்ஸில். நான்கையும் ஓரமாக ஒட்டி, கதவிடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்தாள். இன்ஜின் மூடியை மூடினாள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வாலைத் தரையில் பதித்திருந்த இரும்பு வளையத்தோடு கயிற்றால் கட்டினாள்.

டுவேன் வந்து சுற்றிப் பார்த்தான். கட்டியிருந்த முடிச்சை இழுத்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

"நீ ஓட்டற இடத்துல உக்காரு. கால் பிரேக்கிலேயே இருக்கட்டும்," என்றாள். "மீட்டர் உன் கையில. நான் ஒயரை மாத்தி மாத்திக் குடுக்கறேன், நீ நம்பரைச் சொல்லு, நான் எழுதிக்கறேன்."

"நீயே படியேன்."

"ஒயர் பிடிக்க ரெண்டு கை, எழுத ஒரு கை. எனக்கு மூணு கைதான் இல்லையே."

செல்ஃப் முனகியது. விசிறி ஒரு சுற்று, இரண்டு சுற்று தயங்கி, பிறகு பிடித்துக்கொண்டது. விளக்கு, ரேடியோ, சூடேற்றி என்று எல்லாவற்றையும் போட்டார்கள். காது மூடிக்குள் டுவேனின் குரல் வந்தது.

"சிவப்பும் கறுப்பும். பதினாலு புள்ளி மூணு."

மார்லிஸின் பென்சில் நின்றது. "இன்னொரு தடவை சொல்லு."

"பதினாலு மூணுதான்."

ஆல்டர்னேட்டருக்கு ஒரு குறையும் இல்லை. தன் வாசலில் பதினான்கேகாலுக்குமேல் கொடுத்துக்கொண்டிருந்தது. மாற்றிக் கழற்றி வைத்த பழையதும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

"மஞ்சளும் பச்சையும். பேட்டரி," என்று கொடுத்தாள் மார்லிஸ்.

"பன்னெண்டு... பன்னெண்டு ஒம்போது."

அப்படியானால் நடுவழியில் ஒன்று புள்ளி நான்கு வோல்ட் காணாமல் போகிறது. பிளஸ் பக்கம் போகிறதா, மைனஸ் பக்கம் போகிறதா என்பதுதான் கேள்வி. அவள் சிவப்பையும் மஞ்சளையும் கொடுத்தாள். அது முழுக்க முழுக்க டுவேனின் ஒயர்.

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு அஞ்சு," என்றான் டுவேன். அவன் குரல் நிமிர்ந்தது. "கேட்டுச்சா? ஒண்ணு அஞ்சு. அந்த நீள ஒயருக்கு அது ஒண்ணுமே இல்ல. பாத்திரம் நான் கழுவப் போறதில்ல."

"கடைசி. கறுப்பும் பச்சையும்."

டுவேன் தலையைச் சாய்த்தான். மீட்டரை மடியிலிருந்து தூக்கி, கொஞ்சம் வலப்பக்கமாகத் தள்ளிப் பிடித்தான். "பூஜ்யம் ரெண்டு அஞ்சு."

மார்லிஸ் எழுதினாள். கூட்டினாள். நானூறு பிள்ளைகளுக்கு மாவும் பாலும் கணக்குப் போடுகிறவளுக்கு நான்கு எண்கள் பெரிய விஷயம் இல்லை. பேட்டரியில் வருவதையும், பிளஸ் வழியில் தொலைவதையும், மைனஸ் வழியில் தொலைவதையும் கூட்டினால் பதினான்கு மூன்று வர வேண்டும். பதின்மூன்று மூன்றுதான் வந்தது. சரியாக ஒரு வோல்ட் குறைந்தது.

"மறுபடி படி."

"சொன்னேனே. பூஜ்யம் ரெண்டு அஞ்சு."

அவள் எட்டி மீட்டரை வாங்கினாள். ஒன்று புள்ளி இரண்டு ஐந்து. எண்கள் கட்டைவிரல் அகலத்துக்குப் பளிச்சென்று நின்றன. நேற்று பலகை மீட்டரைப் பார்த்து அவன் பதிமூணு ஒம்போது என்றது நினைவுக்கு வந்தது. அவள் கையை நீட்டி இன்ஜினை அணைத்தாள். காது மூடியைக் கழற்றினாள்.

"டுவேன், என்னைப் பாரு. என் மூக்கு எங்க இருக்கு?"

அவனும் காது மூடியைக் கழற்றி மடியில் வைத்தான். பிறகு சொன்னான்: "நேரா பாத்தா, மூக்கு இருக்கற இடத்துல வளைஞ்சுபோன ஒரு பஞ்சு இருக்கு. சைடுல பாத்தா நல்லாவே தெரியுது. அழகாத்தான் இருக்கே."

"எத்தனை நாளா?"

"வலது கண்ணு ஜூன்லேருந்து. கண்ணுக்கு உள்ளே, பாக்கற இடத்துல, நட்ட நடுவுல ஒரு ஓட்டையாம். இடதும் லேசா மங்கல்தான். திங்கக்கிழமை ஃபார்கோல ஆபரேஷன். உள்ளே காத்துக் குமிழி வெப்பாங்க. அது கரையற வரைக்கும் மேல பறக்கவே கூடாது. கரைஞ்சதுக்கு அப்புறம் எவ்வளவு தெரியும்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கறான்."

"ஜூன்லேருந்து!" மார்லிஸின் குரல் கொட்டகையில் எதிரொலித்தது. "கண்ணு தெரியாம என்கூட ஏறி உக்காந்துகிட்டு, மீட்டர் சரியா இருக்குன்னு சாதிச்சிருக்கே! அறிவிருக்கா உனக்கு?"

"தனியா ஏறினேனா? யோசிச்சுப் பாரு. ஜூன்லேருந்து ஒரு தடவையாவது தனியா ஏறினேனா? ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிட்டேன்ல?"

அவள் யோசித்தாள். உண்மைதான். வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வரச் சொல்லிக்கூடக் கூப்பிட்டிருக்கிறான். அப்போது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"என் தங்கச்சி லவோன் வீட்டுக்குப் பின்னால ஓடுதளம் இருக்கு, டிக்கின்சன்ல," என்றான் டுவேன். "ஏழு வருஷமா வரேன் வரேன்னு சொல்லிட்டிருக்கேன். போற வழியில மிசூரி ஆறு வரும். அதை மேலேருந்து, நான் ஒயர் போட்ட வண்டியிலேருந்து ஒரு தடவை பாத்துட்டேன்னா, அப்புறம் குமிழியோ கிமிழியோ வெக்கட்டும். அதான் சனிக்கிழமை, சனிக்கிழமைன்னு உன் உயிரை எடுத்தேன்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா பாவம்னு நெனச்சு பன்னெண்டு ஒம்போதோட கெளம்பியிருப்பே."

"மாட்டேன்," என்றாள் மார்லிஸ். "இப்பவும் மாட்டேன். இது சரியானா சனிக்கிழமை போறோம். ஆகலைன்னா நீ திங்கக்கிழமை ஃபார்கோ போறே, நான் கார்ல கொண்டு விடறேன். இன்னைக்கு புதன். எந்திரி."

டுவேன் எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டானா, மூக்கைத் துடைத்துக்கொண்டானா என்று அவள் பார்க்கவில்லை.

மைனஸ் பக்கம் என்றால் எர்த். இன்ஜின் ரப்பர்க் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அதனால் அதிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வர அவர்கள் வைத்த வழி ஒன்றே ஒன்று. செம்புக் கம்பியைப் பின்னிய ஒரு பட்டை. ஒரு முனை இன்ஜினில், மறுமுனை இன்ஜினுக்கும் ஓட்டுகிறவரின் காலுக்கும் நடுவில் நிற்கும் தகட்டுச் சுவரில். பேட்டரியின் மைனஸ் ஒயரும் அதே சுவரில்தான் வந்து முடிகிறது.

மார்லிஸ் பச்சை ஒயரை பேட்டரியிலிருந்து அவிழ்த்து, சுவரில் பேட்டரி ஒயர் வந்து முடிகிற போல்ட்டில் கட்டினாள். மறுபடி இன்ஜினை ஓட்டினார்கள். இந்தத் தடவை மீட்டரை அவளே பிடித்தாள். அதே ஒன்றேகால். அப்படியானால் சுவரிலிருந்து பேட்டரிவரை சுத்தம். இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவில், அந்த ஒரு முழப் பட்டையில்தான் எல்லாம் தொலைகிறது.

"பட்டையோட ரெண்டு முனையையும் நான்தான் அழுத்திப் பிடிச்சேன்," என்றான் டுவேன் மெதுவாக. "அது போயிருந்தா பாத்திரம் கழுவறேன். பேச்சு மாற மாட்டேன்."

மூடியைத் திறந்தார்கள். பட்டை புதுசு மாதிரி இருந்தது. அவன் அழுத்திய முனைகளை அவள் ஆட்டிப் பார்த்தாள். கல்லுப்போல இருந்தன. இன்ஜின் பக்கத்து போல்ட்டைக் கழற்றினாள், கீழே உலோகம் பளபளத்தது. சுவர்ப் பக்கத்து போல்ட்டில் ஸ்பானரை வைத்ததுமே அது பெரிய எதிர்ப்பில்லாமல் திரும்பியது. கழற்றி, முனையை விலக்கினாள்.

அடியில் வெண்ணெய் நிற வர்ணம். இரண்டு பூச்சு. வழவழவென்று, ஒரு தூசு இல்லாமல், முனை அழுத்திய வட்டம் மட்டும் லேசாகப் பதிந்து கிடந்தது.

அவளுடைய வர்ணம். ஜனவரியில் பெட்ரோல் கறை பிடித்திருந்தது என்று, பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் சுவர் முழுவதையும் அவள்தான் தேய்த்துப் பூசினாள். நான்கு நாள் காயவிட்டு, பட்டையைத் திரும்ப மாட்டியதும் அவள்தான். எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று பெர்னடினைக்கூட அழைத்து வந்து காட்டினாள். வர்ணத்துக்கு மின்சாரம் போகாது என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். அன்று அவள் பார்த்தது அழகைத்தான். அந்த போல்ட்டின் மரைகள் வழியாகக் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. இன்ஜின் அதிர அதிர போல்ட்டும் தளர்ந்து, அதுவும் குறைந்துவிட்டது. செல்ஃப் முனகியதும் இதனால்தான். அவ்வளவு பெரிய மின்சாரம் திரும்ப வழியில்லாமல் திணறியிருக்கிறது.

"டுவேன், இங்க வந்து தொட்டுப் பாரு," என்றாள். "உன் ஒயர் இல்ல. என் பெயின்ட்."

அவன் விரலால் தடவினான். தடவிக்கொண்டே நின்றான். அவள் காத்திருந்தாள். ஏழு வருஷத்தில் அவனுடைய ஒயரை அவள் கிண்டல் செய்ததற்கெல்லாம் இப்போது சேர்த்து வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"நல்ல பெயின்ட்," என்றான் டுவேன். "ஒரு சொட்டு மின்சாரம்கூடப் போகல. இந்தத் தரத்துக்கு எங்க ஆலையில ஆள் கெடைக்காம தவிச்சோம்."

"சிரிக்காத. ரெண்டு மாசம் எல்லாரையும் திட்டினேன்."

"ஆமா, என்னைத்தான். எனக்கு ஒரு மாசம் மதியச் சாப்பாடு அனுப்பு, சரியாப் போச்சு. ஆனா..." அவன் நிறுத்தினான். முகம் மாறியது. "மார்லிஸ், பட்டை வழியா போகலைன்னா, இவ்வளவு நாளா மின்சாரம் எது வழியாத் திரும்பிச்சு? மரை வழியா மட்டும் செல்ஃப் சுத்தியிருக்காது."

இருவரும் ஒரே நேரத்தில் இன்ஜினிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் இரும்புக் கம்பிகளைப் பார்த்தார்கள்.

டுவேன் குனிந்து, இருக்கைப் பக்கம் பலகைக்கு அடியில் கையை விட்டான். "செல்ஃபை மட்டும் எடு. இன்ஜின் பிடிக்க வேண்டாம். விசிறிப் பக்கம் யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல." பட்டையை இருந்தபடியே மாட்டி, தீப்பொறியை நிறுத்தி வைத்துவிட்டு அவள் சாவியைத் திருப்பினாள். விசிறி முனகிக்கொண்டு நான்கு சுற்று சுற்றியது.

"போதும்! போதும்!" அவன் கையை உதறிக்கொண்டு வெளியே எடுத்தான். "த்ராட்டில் கேபிள். சுடுது. காபி டம்ளர் மாதிரி சுடுது."

கேபிளைக் கழற்றி உருவினார்கள். கம்பி ஓடும் பிளாஸ்டிக் குழாய் ஓரிடத்தில் பழுப்பாகி, இளகி, கம்பியோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. மார்லிஸ் அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பாதியில் நின்று, பிறகு வெடுக்கென்று நகர்ந்தது.

ஓடுதளத்தின் சொந்தக்காரர் ஹார்லன் ஓடகார்ட் மருந்து தெளிக்கும் விமானத்தை நிறுத்திவிட்டு வந்தார். எழுபது வயது. யாருடைய இன்ஜினைத் திறந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். நடந்ததைக் கேட்டுக்கொண்டே கேபிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணியிருப்பீங்க?"

"வழியில பெட்ரோல் போட இறங்கறதையும் சேத்து, சனிக்கிழமை போக ரெண்டு தடவை, திரும்பி வர ரெண்டு தடவை," என்றாள் மார்லிஸ்.

"அப்போ எங்கயாவது வழியில இது பிடிச்சுக்கிட்டிருக்கும். முழு வேகத்துல பிடிச்சா இறங்க முடியாது, குறைஞ்ச வேகத்துல பிடிச்சா ஏற முடியாது." கேபிளைத் திருப்பிக் கொடுத்தார். "பன்னெண்டு ஒம்போதுன்னு அடம்பிடிச்சது யாரு?"

டுவேன் கட்டைவிரலால் மார்லிஸைக் காட்டினான். "பெயின்ட் அடிச்சதும் அவதான் சார். ரெண்டுக்கும் சேத்துப் பாராட்டிடுங்க."

"ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு," என்றார் ஹார்லன். சிரிக்கவில்லை.

அந்த நீளத்தில் கேபிள் கடையில் கிடைக்காது. செய்து அனுப்பப் பத்து நாள் ஆகும் என்றார்கள். மார்லிஸ் பள்ளிக்கூட அலுவலகத்துப் போனிலேயே உட்கார்ந்து, இதே விமானத்தைக் கட்டுகிறவர்களின் பட்டியலை மேலிருந்து அழைக்கத் தொடங்கினாள். மினசோட்டாவில் ஒருவர் விமானத்தையே விற்றுவிட்டார். இன்னொருவர் போனை எடுக்கவில்லை. பதினோராவது அழைப்பில் ஜேம்ஸ்டவுனில் ராய்ஸ் பிட்னர் என்பவர் எடுத்தார். அவருடைய விமானம் இறக்கைகூட மாட்டாமல் கார் ஷெட்டில் கிடக்கிறது. ஆனால் கேபிள் மாட்டியாயிற்று.

"என்னிக்கு வேணும்?" என்றார்.

"நாளைக்கு."

"வாங்க. கழட்டி வெக்கறேன். எனக்கு இன்னும் ரெண்டு வருஷ வேலை இருக்கு, அதுக்குள்ள வேற வாங்கிக்கலாம்."

வியாழக்கிழமை விடியலில் அவள் பிக்கப் வண்டியில் கிளம்பி, மதியத்துக்குள் கேபிளோடு திரும்பி வந்தாள். ராய்ஸின் மனைவி ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட ஒரு தட்டு கேக்கையும் கூடவே வைத்து அனுப்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வேலையை அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. டுவேனின் விரல்கள் பார்த்தன, மார்லிஸின் கண்கள் பார்த்தன. ராய்ஸின் கேபிளை முதலில் மாட்டினார்கள். சுவரில் அந்த போல்ட்டைச் சுற்றி ஒரு நாணயம் அகலத்துக்கு வர்ணத்தைச் சுரண்டினாள். பளிச்சென்று உலோகம் தெரிந்தபோது மனசு கொஞ்சம் வலித்தது, ஆனாலும் சுரண்டினாள். பல்லுள்ள வாஷரைப் போட்டு முறுக்கினார்கள். அது போதாது என்று இன்ஜினிலிருந்து நேராக பேட்டரி மைனஸ்ஸுக்கு இரண்டாவது பட்டை ஒன்று போட்டான் டுவேன். முனையை அழுத்தும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். "திறந்து வெச்சா பஞ்சுதான் தெரியுது. மூடிக்கிட்டா கை ஒழுங்கா வேலை செய்யுது," என்றான்.

சாவியைத் திருப்பியதும் விசிறி உதறிக்கொண்டு எழுந்தது. ஏப்ரலுக்குப் பிறகு அப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை. எல்லா விளக்கையும் போட்டுவிட்டு மார்லிஸ் படித்தாள்: "பதினாலு ரெண்டு." கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் மீட்டரை வைத்தாள். "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு. உண்மையான பூஜ்யம். நானே படிச்சது."

"குத்திக் காட்டாம இருக்க மாட்டியே."

சாயங்காலம் அவள் தனியாக ஏறி, ஓடுதளத்துக்கு மேலேயே ஒரு மணி நேரம் சுற்றினாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பலகைக்கு அடியில் கையை விட்டுக் கேபிளைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்தே இருந்தது. இரண்டு தடவை இறங்கி, இன்ஜினை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து ஏறினாள். டுவேன் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை காற்று இல்லை.

"கேட்டுக்கோ," என்றாள் மார்லிஸ், பெல்ட்டைக் கட்டிக்கொண்டே. "பைலட் நான். ஏத்தறது நான், இறக்கறது நான். நடுவுல மட்டும் உன் கையில தரேன்."

"மகாராணி உத்தரவு."

ஜேம்ஸ்டவுன் தாண்டியதும் கொடுத்தாள். டுவேன் ஓட்டும் தடியை இரண்டு விரலால் பிடித்தான். எண்களைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடிவானம் அவனுக்குப் பக்கவாட்டில் நன்றாகவே தெரிந்தது. சூரியகாந்தி வயல்கள் மஞ்சள் மஞ்சளாகப் பின்னால் போயின. அவள் உயரத்தைச் சொன்னாள், திசையைச் சொன்னாள், மற்றபடி வாயைத் திறக்கவில்லை. அவன் அவளைவிட வழுவழுப்பாக ஓட்டினான்.

பிஸ்மார்க்குக்குக் கொஞ்சம் வடக்கே ஆறு வந்தது. டுவேன் விமானத்தை மெல்லச் சாய்த்தான். நேராகப் பார்க்காமல், முகத்தைத் திருப்பி, கண்ணோரத்தால் பார்த்தான். அகலமாக, மணல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு, காலை வெயிலில் ஆறு தகதகவென்று கிடந்தது.

"தெரியுதா?" என்றாள்.

"இவ்வளவு பெருசுக்கு நடுவுல ஒரு ஓட்டை இருந்தா என்ன," என்றான் டுவேன். "இன்னொரு சுத்து சுத்தலாமா?"

"பெட்ரோல் இருக்கு. சுத்து."

மூன்று சுற்று சுற்றினார்கள். டிக்கின்சனில் லவோன் ஓடுதளத்தின் ஓரமாக, அடுப்புச் சூட்டுக்குப் போட்ட கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். உருளைக்கிழங்கு உருண்டை போட்ட சூப்பு வைத்திருந்தாள். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பி வந்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம் டுவேன் இரவும் பகலும் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. குமிழி சரியான இடத்தில் நிற்க அதுதான் வழி. மார்லிஸ் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய், தரையில் உட்கார்ந்து, அவன் தலைக்குக் கீழே நீட்டினாள். வலது கண்ணில் பார்வை எவ்வளவு திரும்பும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அக்டோபரில் அவனால் பெரிய எழுத்துகளைப் படிக்க முடிந்தது. சின்ன எழுத்து வரவே இல்லை. லைசென்ஸை அவனே எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பக்கத்து இருக்கை தனக்கென்று எழுதி வைத்த மாதிரி உட்காரத் தொடங்கினான்.

ஆனால் அந்த முதல் வாரத்தில், குப்புறக் கிடந்தபடியே அவன் கேட்டது வேறு.

"ஒயரிங் படம் எடுத்துட்டு வந்தியா?"

"எதுக்கு?"

"ரெண்டாவது பட்டையைப் படத்துல போடல. நாளைக்கு நாம இல்லாதப்ப எவனாவது திறந்து பாத்தா, இது என்னடா கூடுதலான்னு கழட்டிருவான்."

மார்லிஸ் படத்தைத் தரையில் விரித்தாள். அவன் முகம் வைக்க ஓட்டை விட்ட தலையணைக்குக் கீழே கையை நீட்டி, எங்கிருந்து எங்கே என்று விரலால் காட்டினான். அவள் கோட்டைப் போட்டு, தேதி எழுதினாள்.

"பக்கத்துல எழுது," என்றான் டுவேன். "போல்ட்டுக்கு அடியில பெயின்ட் அடிக்கக் கூடாதுன்னு."

"யார் கையெழுத்து போடறது?"

"யார் அடிச்சாங்களோ அவங்க."

அவள் எழுதி, கையெழுத்துப் போட்டாள். பிறகு ஸ்பூனை எடுத்து, "வாயைத் திற, ஆறிடப் போகுது" என்றாள்.